பிரசவச் சம்பளம்: ஞாயிற்றுக்கிழமை யாருக்குச் சொந்தம்?

பிரசவ லீவில் போகும் பெண் தொழிலாளிக்கு எத்தனை நாள் சம்பளம் உண்டு? இருபத்தாறு வாரம் என்று சட்டம் சொல்கிறது. நல்லது. ஒரு வாரத்துக்கு எத்தனை நாள்?

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் ஏழு என்று சொல்லிவிடும். இ.எஸ்.ஐ.யில் தொழிலாளியைப் பதியாத மில்லின் டைம் ஆபீஸிலும், எஸ்டேட் கணக்கு ஆபீஸிலும் கேட்டால் ஆறு என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. வேலையில்லாத நாளுக்குக் கூலி கிடையாது. கூலியில்லாத நாளுக்குப் பிரசவச் சம்பளம் மட்டும் எங்கிருந்து வரும் என்பது அவர்கள் நியாயம். கைக்குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை பசி எடுக்காது என்று எந்த வைத்தியன் இவர்களுக்குச் சொன்னானோ!

இந்த நியாயத்துக்குச் சுப்ரீம் கோர்ட் 1977-ம் வருஷமே பதில் சொல்லிவிட்டது. ஆனைமலையில் மவுண்ட் ஸ்டூவர்ட் எஸ்டேட்டில் வேலை செய்த ஒரு பெண் தொழிலாளிக்கு 1968 ஜனவரியில் குழந்தை பிறந்தது. அன்றையச் சட்டம் தந்தது பன்னிரண்டு வாரம். எஸ்டேட் நிர்வாகம் 72 நாளுக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்தது. பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் சம்பளமில்லாத விடுமுறை என்று கழித்துவிட்டது. அந்தப் பெண் விடவில்லை. 84 நாள் கேட்டார். கோயம்புத்தூர் லேபர் கோர்ட்டுக்குப் போன வழக்கு ஹைகோர்ட் ஏறி, டில்லி வரை போயிற்று. வாரம் என்றால் ஞாயிறும் சேர்ந்த ஏழு நாள்தான். பிரசவமான தாய் உயிரும் உடம்பும் தேறி, குழந்தையை வளர்த்து, பழைய தெம்போடு வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காகச் செய்த சட்டத்தை அந்த நோக்கத்தோடுதான் படிக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

பன்னிரண்டு நாள் கூலிக்கு ஒன்பது வருஷ வழக்கு! வக்கீல்கள் இதை இன்றும் ‘பி. ஷா வழக்கு’ என்று சொல்லுகிறார்கள். அந்த ஷா எஸ்டேட் தரப்புக்காரர். வென்ற பெண்ணின் பெயரால் வழக்கு வழங்கவில்லை. போகட்டும், தீர்ப்பு அவருடையது, நம்முடையதும்தான்.

நம் சீமைக்கு இந்த வார விடுமுறையோடு பழைய பந்தம் உண்டு. தூத்துக்குடி நெல்லை ஜில்லாவில் சேர்ந்திருந்த காலம் அது. 1908 பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் கோரல் மில் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்துக்கு வ.உ.சி.யும் சுப்ரமணிய சிவாவும் முன் நின்றார்கள். கூலி உயர்வு ஒரு கோரிக்கை. வார விடுமுறை இன்னொன்று. இரண்டையும் வாங்கினார்கள். பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரின் வேகத்தால் ஓடும் மில்லை 1880-களில் ஏற்படுத்தினார்களே ஹார்விகள், அவர்களுடைய மில்தான் கோரல் மில்லும். பாட்டன் போராடி வாங்கிய விடுமுறையைக் காட்டிப் பேத்தியின் பிரசவச் சம்பளத்தில் ஏழில் ஒரு பங்கை அறுக்கிறார்கள் என்றால் இதை என்னவென்று சொல்லுவது?

ஆகவே கணக்கை நாமே போடக் கற்றுக்கொள்வோம். எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். 1961-ம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டம் பன்னிரண்டு வாரம் தந்தது. 2017-ல் அது இருபத்தாறு வாரமாயிற்று. 2025 நவம்பர் 21-ம் தேதி மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்தபோது அந்தப் பழைய சட்டம் 2020-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. அந்தத் தொகுப்புகளைப் பற்றி நமக்குள்ள சண்டை வேறு. “பழைய சட்டம் போச்சு, பிரசவ லீவும் போச்சு” என்று எந்த மேஸ்திரியாவது சொன்னால் நம்ப வேண்டாம் என்பதே இங்கே விஷயம். இருபத்தாறு வாரம் அப்படியே இருக்கிறது. கணக்கு முறையும் அதுதான்.

முறை இது. லீவில் போகும் தேதிக்கு முந்தைய மூன்று மாதத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த மூன்று மாதத்தில் வேலை செய்த நாட்களுக்குச் சேர வேண்டிய கூலியை, வேலை செய்த நாட்களால் வகுக்க வேண்டும். வருவது சராசரி நாட்கூலி. அது சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இருக்கக் கூடாது. அந்தச் சராசரியை லீவு நாட்களால் பெருக்க வேண்டும். இருபத்தாறு வாரம் என்றால் 182 நாள்.

ஓர் உதாரணத்துக்கு, நாட்கூலிக்கு வேலை செய்யும் ஒரு பெண் மூன்று மாதத்தில் 66 நாள் வேலைக்கு வந்திருக்கிறார், 31,680 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். 66-ஆல் வகுத்தால் நாளைக்கு 480 ரூபாய். 182-ஆல் பெருக்கினால் 87,360 ரூபாய். இது அவருக்குச் சேர வேண்டிய பணம்.

ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால் என்ன ஆகும்? 156 நாள், 74,880 ரூபாய். பன்னிரண்டாயிரத்து நானூற்று எண்பது ரூபாய் மாயமாய்ப் போகிறது. இன்னும் கெட்டிக்காரக் கணக்கப்பிள்ளை என்றால் வகுக்கும் இடத்திலேயே கை வைப்பார். வேலைக்கு வந்த 66 நாளால் வகுக்காமல், மூன்று மாதம் என்றால் 90 நாள் என்று வகுப்பார். 480 ரூபாய் 352 ரூபாயாகிவிடும். பெருக்கும்போது ஞாயிற்றுக்கிழமைகளையும் கழிப்பார். கையில் வருவது 54,912 ரூபாய். 32,448 ரூபாய் போயே போயிற்று! வகுக்கும்போது ஞாயிற்றுக்கிழமை உண்டு, பெருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இந்த வித்தையைக் கண்டுபிடித்தவருக்கு எந்தக் கல்லூரியில் பட்டம் கொடுத்தார்களோ! ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு வகுக்கும் விதம் வேறுபடலாம். நாட்கூலிக்கும் பீஸ் ரேட்டுக்கும் வேலை செய்கிறவர்களுக்கு வேலை செய்த நாளே அளவுகோல்.

கூலிச் சீட்டில் இன்னொரு சூட்சுமம் உண்டு. அடிப்படைச் சம்பளம் என்று கொஞ்சம் எழுதி, மற்றதையெல்லாம் அலவன்ஸ் என்று எழுதிவிடுவது நெடுநாள் வழக்கம். புதிய தொகுப்பின்படி, மொத்தத்தில் பாதிக்கு மேல் அலவன்ஸ் போனால், மேலே போன தொகை கூலியோடு சேரும். மொத்தம் 14,000 ரூபாயில் 9,000 ரூபாயை அலவன்ஸ் என்று எழுதியிருந்தால், 2,000 ரூபாயைக் கூலியில் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். சீட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால்தான் இதைக் கேட்க முடியும்.

யாருக்கு இந்த உரிமை? பிரசவத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்தவருக்கு. லே-ஆஃப் நாளும், சம்பளத்தோடு விட்ட விடுமுறை நாளும் அந்த 80-ல் சேரும். இரண்டு குழந்தைகள் உயிரோடு இருந்து அடுத்தது பிறந்தால் பன்னிரண்டு வாரம்தான். மேலே சொன்ன கூலிக்கு 40,320 ரூபாய். கரு கலைந்துபோனால் ஆறு வாரம்; அது 20,160 ரூபாய். இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் மிகச் சிலர். துக்கத்தோடு துக்கமாக இரண்டு நாள் படுத்திருந்து, மூன்றாம் நாள் வேலைக்கு வந்துவிடுகிறார்கள். துக்கம் உங்களுடையது; 42 நாள் சம்பளமும் உங்களுடையது.

காண்ட்ராக்ட்காரன் கீழ் வேலை செய்கிறவர்களுக்கு இதெல்லாம் கிடையாது என்ற பேச்சும் பொய். டில்லி மாநகராட்சியில் ரோடு போடவும் மண் வெட்டவும் மஸ்டர் ரோலில் வேலை செய்த தினக்கூலிப் பெண்களின் வழக்கில், 2000-ம் வருஷம் மார்ச் மாதம் சுப்ரீம் கோர்ட் அவர்களுக்கும் மகப்பேறு சலுகை உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. வயிறு தெரிய ஆரம்பித்ததும் பேரை வெட்டிவிடுவது காண்ட்ராக்ட்காரனின் வழக்கம். கர்ப்பத்தில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கினாலும், நீக்காமல் இருந்தால் கிடைத்திருக்க வேண்டிய பிரசவச் சம்பளம் பறிபோகாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் சட்டம் பேசுவதற்குச் சாட்சி வேண்டும். 80 நாள் வந்தேன் என்பதற்கு மஸ்டர் ரோல் முதலாளி கையில் இருக்கிறது. உங்கள் கையில் என்ன இருக்கிறது? வந்த நாளை வீட்டுக் காலண்டரில் பேனாவால் சுழித்து வையுங்கள். பஸ் டிக்கெட்டைக்கூடத் தூர எறியாதீர்கள்.

இ.எஸ்.ஐ.யில் பதிந்த மில் தொழிலாளிக்கு முதலாளி கொடுப்பதில்லை, இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் கொடுக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்கள் இதில் வருவார்கள். தொழிலாளி பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய், முதலாளி பங்கு மூன்றே கால் ரூபாய். இங்கே ஞாயிற்றுக்கிழமைச் சண்டை இல்லை. முழுச் சராசரிக் கூலி, இருபத்தாறு வாரம். ஆனால் வேறொரு கண்ணி இருக்கிறது. நம் பெண்கள் பலர் அதில் சிக்கியிருக்கிறார்கள்.

இ.எஸ்.ஐ. வருஷத்தை இரண்டாகப் பிரிக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தா காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றொன்று. ஜூலை முதல் டிசம்பருக்குள் பிரசவம் என்றால், அதற்கு முந்தைய அக்டோபர்–மார்ச், அதற்கும் முந்தைய ஏப்ரல்–செப்டம்பர் ஆகிய இரண்டு காலத்திலும் சேர்த்து 70 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஆடி மாதம் பிரசவமாகும் பெண் அந்தச் சித்திரையில் வேலைக்குச் சேர்ந்து, ஒரு நாள் தவறாமல் வந்து, மாதாமாதம் சந்தா பிடிக்கப்பட்டிருந்தாலும் அந்தப் பிரசவத்துக்கு அது உதவாது. புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒன்பது மாதம் கழித்தே பணச் சலுகை தொடங்குகிறது. வேலைக்குச் சேர்த்து ஆறு மாதம் பேர் பதியாமல் வைத்திருக்கும் காண்ட்ராக்ட்காரன் சந்தாவை மட்டும் மிச்சம் பிடிக்கவில்லை. ஒரு பெண்ணின் பிரசவச் சம்பளத்தையே தின்றுவிடுகிறான். கல்யாணமான பெண் புதிதாக மில்லுக்குள் நுழைந்தால், சங்கம் முதலில் கேட்க வேண்டியது இ.எஸ்.ஐ. நம்பர் எங்கே என்பதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலாளி தலையில் மட்டும் செலவு விழுந்தால் அவன் பெண்ணை வேலைக்கு எடுக்காமலே தப்பித்துக்கொள்கிறான். மேற்கு ஜில்லாக்களின் நூல் மில்கள் கல்யாணமாகாத பெண்களையே தேடி, தென் ஜில்லாக் கிராமங்கள் வரை ஆள் அனுப்பி, ‘சுமங்கலித் திட்டம்’ என்று மங்களகரமாகப் பெயர் வைத்து, மூன்று வருஷம் ஹாஸ்டலில் அடைத்து வேலை வாங்கியது நாம் அறிந்ததே. அங்கே பிரசவ லீவுக் கணக்கே எழுதும்படி வரவில்லை. ஆகவே எல்லா முதலாளிகளும் சேர்ந்து கட்டும் பொது நிதியிலிருந்து கொடுக்கும் முறையே மேல் என்பது நம் அபிப்பிராயம்.

அடுத்து, பணம் எப்போது வரும்? வரவு செலவுத் திட்டம் போடுகிறவர்களுக்கு எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதே பெரிய கேள்வி. முதலாளி கொடுக்க வேண்டிய இடத்தில், பிரசவத்துக்கு முன்பு அதிகபட்சம் எட்டு வாரம் லீவு எடுக்கலாம். கர்ப்பம் என்ற டாக்டர் சர்ட்டிபிகேட் கொடுத்ததும் அந்த வாரங்களுக்கான பணத்தை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். குழந்தை பிறந்ததற்கு அத்தாட்சி கொடுத்த 48 மணி நேரத்துக்குள் மீதி. மேலே சொன்ன பெண் எட்டு வாரம் முன்னாலேயே போனால் 56 நாளுக்கு 26,880 ரூபாய் முதலில். 126 நாளுக்கு 60,480 ரூபாய் பிறகு. இலவசப் பிரசவ வைத்தியத்துக்கு நிர்வாகம் ஏற்பாடு செய்யாவிட்டால் வைத்திய போனஸ் 3,500 ரூபாய் தனி. “லீவு முடிந்து வா, எல்லாம் சேர்த்துத் தருகிறேன்” என்று சொல்ல எந்த நிர்வாகத்துக்கும் உரிமை கிடையாது.

முன்னால் எடுக்கும் நாள் குறைந்தால் பின்னால் எடுக்கும் நாள் கூடும். அதனால் பெண்கள் ஒன்பதாம் மாதம் வரை நின்றுகொண்டே வேலை செய்கிறார்கள். குழந்தையோடு அதிக நாள் இருக்கலாம் என்ற ஆசை. ஆசை நியாயம்தான். ஆனால் எட்டு மணி நேரம் நிற்கிற வேலையில் கால் வீங்கிப் போகிறவர்கள் டாக்டர் சொல்லைத் தட்ட வேண்டாம். பிரசவத்தால் வரும் நோய்க்கு இன்னும் ஒரு மாதம் சம்பளத்தோடு லீவு எடுக்கவும் இடம் இருக்கிறது.

இனி பீடி. முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் எங்கும் வாசல் திண்ணையில் முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பவர்கள் பெண்கள். வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவள் தொழிலாளியே அல்ல என்று கம்பெனிகள் வாதாடிய காலம் ஒன்று இருந்தது. 1966-ம் வருஷத்துப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் அந்த வாதத்தை ஒழித்தது. வீட்டிலிருந்து சுற்றும் பெண்ணுக்கும் மகப்பேறு சட்டம் பொருந்தும் என்று பேர் சொல்லி எழுதியது. இப்போது அந்தச் சட்டமும் தொகுப்புகளுக்குள் கரைந்துவிட்டது. பேர் சொல்லி எழுதிய அந்த வாசகம் தொகுப்பில் தெளிவாக வர வேண்டும் என்பது நம் கோரிக்கை. இந்தப் பெண்களுக்கு இன்னொரு இக்கட்டு உண்டு: மாமியார் பேரில் ஒரு பாஸ் புக், சுற்றுவது மருமகளும் மகளும். இலை, தூள் வாங்குவதும் பீடி போடுவதும் மாமியார் பேரில். பிரசவம் மருமகளுக்கு. புத்தகத்தில் பேர் இல்லாதவளுக்கு யார் சம்பளம் கொடுப்பான்? அத்தையும் மருமகளும் ஒற்றுமையாக இருப்பது நல்லதுதான். பாஸ் புக் மட்டும் தனித்தனியாக இருக்கட்டும்.

இதுவரை பேசியதெல்லாம் ஏதோ ஒரு புத்தகத்தில் பேர் உள்ளவர்களைப் பற்றி. எந்தப் புத்தகத்திலும் பேர் இல்லாமல், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்திலும் கோடகன் கால்வாய்ப் பாசனத்திலும் முழங்கால் சேற்றில் குனிந்து நடுகிறார்களே, அந்தப் பெண்களுக்கு என்ன?

இன்று ஒருவர் வயல், நாளை இன்னொருவர் வயல். எவர் முதலாளி, எவர் சராசரிக் கூலி கணக்குப் பார்ப்பது? அவர்களுக்குச் சட்டத்தில் இருபத்தாறு வாரம் கிடையாது. இருப்பது மாநில சர்க்காரின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவி. 2006-ல் 6,000 ரூபாய், 2011-ல் 12,000, பிறகு 18,000 என்று உயர்ந்தது. 18,000-த்தில் 14,000 ரூபாய் ரொக்கம், 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகமாக வருகிறது. மத்திய சர்க்காரின் மாத்ரு வந்தனா பணமும் இதற்குள்தான் சேர்ந்து வருகிறது. 2013-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் என்று எழுதியது. 2017-ல் வந்த திட்டம் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் என்று குறைத்துக்கொண்டது. சட்டத்தையே ஆயிரம் ரூபாய் தள்ளுபடியில் விற்றார்கள்!

பதினாலாயிரம் என்றால் பெரிதாகத் தெரிகிறது. 182 நாளால் வகுத்துப் பாருங்கள். நாளைக்கு 77 ரூபாய்கூட முழுசாக வரவில்லை. தமிழ்நாட்டு சர்க்கார் தன் பெண் ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாதம் முழுச் சம்பளத்தோடு லீவு தருகிறது. அதில் நமக்குப் பொறாமை இல்லை. அது அவர்கள் சங்கம் கேட்டு வாங்கியது. நாற்று நடும் பெண்ணுக்கும் அதே பத்து மாதம்தான் கர்ப்பம் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

ஒரு குடும்பத்தின் வரவு செலவைப் பார்ப்போம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்ணுக்கு நாட்கூலி 400 ரூபாய், மாதத்தில் 15 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 6,000. ஆறு மாதம் வீட்டில் இருந்தால் 36,000 ரூபாய் வரவு நிற்கிறது. ரொக்க உதவி 14,000 முழுவதும் வந்தாலும் 22,000 துண்டு விழுகிறது. அதிலும் ஆற்றுப் பாசனத்தில் எல்லா மாதமும் ஒரே மாதம் அல்ல. காருக்கு ஆனி, ஆடி; பிசானத்துக்கு ஐப்பசி முதல் மார்கழி வரை; பிறகு அறுப்பு. கார்த்திகையில் பிரசவம் என்றால் பிசான நடவுக் கூலி அத்தனையும் போகும். சித்திரை, வைகாசியில் பிரசவமானால் எப்படியும் வேலை குறைந்த காலம். ஆனால் சித்திரையில் பிரசவிக்கிறவள் மாசி, பங்குனி அறுப்புக்கு நிறைமாதத்தோடு கதிர்க்கட்டுத் தூக்கப் போகாமல் இருக்க வேண்டும். ஆகவே எந்த மாதத்துக் கூலி போகும் என்பதை மூன்றாம் மாதத்திலேயே விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொள்வது நல்லது.

“முன்கூட்டியே சேமித்து வையுங்கள்” என்று சிக்கனம் போதிக்கும் பெரியவர்கள் உண்டு. மூன்றாம் மாதத்திலிருந்து வாரம் நூறு ரூபாய் எடுத்து வைத்தால், இருபத்தாறு வாரத்தில் 2,600 ரூபாய் சேரும். சேருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. 22,000 ரூபாய்த் துண்டை அது மூடாது என்பதையும் தெரிந்துகொண்டு சேருங்கள். சேமிப்பு என்ற பேரில் நம் வீடுகளில் முதலில் குறைகிறது என்ன? பிள்ளைத்தாய்ச்சியின் தட்டில் இருக்கும் மீன். அதில் கை வைக்கவே கூடாது. சுருக்க வேண்டுமானால் வளைகாப்புச் சாப்பாட்டில் ஒரு பந்தியைச் சுருக்குங்கள். அங்கன்வாடி சத்துமாவை வாங்காமல் விடாதீர்கள். வாங்கியதை வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் பங்கு வைத்துவிட்டுத் தாய் வெறும் வயிற்றோடு இருக்கவும் வேண்டாம்.

சர்க்கார் உதவி தவணை தவணையாக வருகிறது. குழந்தை தவழத் தொடங்கிய பிறகும் பாக்கி இருக்கும். ஆகவே அதை நம்பிப் பிரசவத்துக்குத் தேதி குறித்துக் கடன் வாங்கக் கூடாது. கர்ப்பம் என்று தெரிந்ததுமே கிராம சுகாதார நர்ஸிடம் பேர் பதிந்து, நம்பர் வாங்கி, வங்கிக் கணக்கு தாயின் பேரில் இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிரசவம், மருந்து, ஆபரேஷன், சாப்பாடு, வண்டி எல்லாம் இலவசம் என்று 2011 முதல் மத்திய சர்க்கார் திட்டமே இருக்கிறது. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள் என்றால் நிஜச் செலவு வேறே: கூட இருக்கும் ஆளின் சாப்பாடு, பஸ், அவர் விட்டுவிட்டு வந்த கூலி. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பதால் இந்தச் செலவு பெண்ணின் தாயார் தலையில் விழுகிறது. அவரும் கூலிக்காரிதானே? இரண்டு வீட்டாரும் முன்கூட்டியே உட்கார்ந்து, இது யார் கையிலிருந்து, அது யார் கையிலிருந்து என்று பேசிக்கொண்டால் பிற்பாடு மனஸ்தாபம் வராது.

எல்லாவற்றையும் விட ஆபத்து வட்டி. பிரசவ வேளையில் பத்தாயிரம் ரூபாயைப் பத்து வட்டிக்கு வாங்கினால் மாதம் ஆயிரம். ஆறு மாதத்தில் 6,000 ரூபாய் வட்டிக்கே போயிற்று. அசல் அசலாகவே நிற்கிறது. 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளி குடும்பம் கைக்குழந்தையோடு தீக்குளித்து மாண்டது கந்துவட்டியால்தான். கந்துவட்டித் தடைச் சட்டம் வந்து அப்போதே பதினாலு வருஷம் ஆகியிருந்தது. காதில் கழுத்தில் ஏதாவது இருந்தால் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வையுங்கள். குழுக் கடன் ஓடிக்கொண்டிருந்தால், பிரசவ மாதங்களுக்குத் தவணையைத் தள்ளிப் போட எட்டாம் மாதத்துக்கு முன்பே குழுவில் பேசி எழுதி வாங்குங்கள். பிரசவமான பத்தாம் நாள் வாசலில் வந்து நிற்கிறவனிடம் பேச முடியாது.

வேலைக்குத் திரும்பிய பிறகும் செலவு நிற்பதில்லை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும். தாய் ஒரு நாளில் நாலு தடவை போய்ப் பார்க்கலாம். பதினைந்து மாதம் வரை பால் கொடுக்க இரண்டு இடைவேளை உண்டு. கேட்டுக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் அறைக்குப் போர்டு மட்டும் மாட்டியிருந்தால், இன்ஸ்பெக்டர் வரும் நாளில் அல்ல, சாதாரண நாளில் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வயலில் நடுகிறவளுக்குக் காப்பகம் வரப்பில் நிற்கும் வேப்பமரத்துத் தொட்டில்தான்.

பிரசவகாலப் பாதுகாப்பு என்பது யாரோ நேற்று கண்டுபிடித்த தயவு அல்ல. 1917 புரட்சி நடந்த சில வாரங்களில் சோவியத் சர்க்கார் பதினாறு வாரச் சம்பள லீவு அறிவித்தது. 1919-ல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு பன்னிரண்டு வாரம் என்று உடன்படிக்கை எழுதியது. இந்தியா இன்றுவரை அதில் கையெழுத்து வைக்கவில்லை. பம்பாய் மாகாணத்தில் 1929-ல் சட்டம் வந்தது, சென்னை மாகாணத்தில் 1934-ல். அந்தப் பம்பாய் மசோதா 1928-ல் சட்டசபையில் விவாதத்துக்கு வந்தபோது டாக்டர் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். தாய்க்குக் கிடைக்கும் ஓய்வு தேசத்துக்கே நன்மை, ஆகவே அந்தப் பாரத்தைப் பெரும்பகுதி சர்க்காரே ஏற்பது நியாயம் என்பது அவர் கருத்து. மில் தொழிலாளிக்கு முதலாளியும் இ.எஸ்.ஐ.யும் இருக்கிறார்கள். வயலில் நடுகிறவளுக்குச் சர்க்காரைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

மில் சங்கக் கிளைகள் செய்ய வேண்டிய வேலை இரண்டு நாளில் முடியும். சென்ற மூன்று வருஷத்தில் பிரசவ லீவில் போனவர்கள் பட்டியலை எடுங்கள். ஒவ்வொருவருக்கும் எந்த நாளால் வகுத்தார்கள், எத்தனை நாளால் பெருக்கினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். 182-க்குப் பதில் 156 என்று இருக்கும் இடமெல்லாம் பாக்கி இருக்கிறது, பி. ஷா வழக்குத் தீர்ப்பின் நகலோடு மனு எழுதித் தொழிலாளர் அதிகாரிக்குக் கொடுங்கள்.

விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்கள் அடுத்து வரும் கிராம சபையில் ஒரு தீர்மானம் கொடுங்கள். வாசகம் சுருக்கமாக இருக்கட்டும்: நிலமற்ற விவசாயத் தொழிலாளிப் பெண் ஒவ்வொருவருக்கும், அந்தந்த வருஷத்துக்கு விவசாயத்துக்கு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியில், ஞாயிற்றுக்கிழமைகள் உள்பட 182 நாளுக்கு, சர்க்கார் கஜானாவிலிருந்து. நோட்டில் ஏற்றிய பிறகு, நம்பர் போட்டிருக்கிறதா என்று பார்த்து, நகல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.